கடுகண்ணாவை ஏற்றம்: கோபுரத்தில் பெயர் உள்ளவரும் இல்லாதவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ காட்டினேன். நியூசிலாந்தில் டனிடின் என்ற ஊரில் பால்ட்வின் தெரு என்று ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே மிகச் செங்குத்தான குடியிருப்புத் தெரு என்று கின்னஸ் புத்தகத்தில் இருப்பது அதுதான். மிகச் செங்குத்தான இடத்தில் மூன்று அடிகூட முன்னே போக முன்னர் ஓரடி மேலே ஏறிவிட வேண்டும். தார் போட்டால் வெயிலுக்கு உருகி வழிந்துவிடும் என்று அந்தப் பகுதிக்குக் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். 2019இல் வேல்ஸ் நாட்டின் ஹார்லெக் என்ற ஊர்த் தெரு ஒன்று அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. திரும்ப அளந்து பார்த்து 2020இல் பால்ட்வின் தெருவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், நம்மட கடுகண்ணாவையை விடவா அது?"

சாய்வை அளந்தால் கடுகண்ணாவை பால்ட்வின் தெருவுக்குக் கிட்டவும் வராது. நம்முடையது வளைந்து வளைந்து ஏறும் நெடுஞ்சாலை. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. மாவனல்லையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிறந்த எவருக்கும் "ஏத்தம்" என்றால் மனதில் வருவது அந்த ஒரு ஏத்தம்தான்.

அடுத்த மாதம் அதே பிள்ளைகளைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போனோம். புகையிரத அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு டோசன் கோபுரத்தடிக்கு வந்தோம். கோபுரத்தில் பொறித்திருப்பதை வாசித்துக் கருத்தைச் சொன்னேன்: படைப் பொறியியலாளர் கப்டன் டோசன், இந்த வீதியைத் தன் அறிவாலும் திறமையாலும் திட்டமிட்டு நிறைவேற்றியவர், 1829 மார்ச் 28இல் கொழும்பில் காலமானார், நண்பர்களும் அபிமானிகளும் பணம் சேர்த்து 1832இல் இதைக் கட்டினார்கள்.

பின்னால் நின்ற ஒருவன் கேட்டான்: "அப்ப சேர், இந்த ரோட்ட அவர் தனியாவா வெட்டினார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி இறங்கி வரும்போது அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்தது. இந்தப் பதிவு அவனுக்கான பதில்.

*

முதலில் என் நினைவிலிருந்து தொடங்குகிறேன். எண்பதுகளின் தொடக்கம். பெருநாளுக்கு உடுப்பு எடுக்க வாப்பா எங்களைக் கண்டிக்குக் கூட்டிப்போவார். மாவனல்லையில் இ.போ.ச. பஸ்ஸில் ஏறினால் ஹிங்குல மட்டும் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். ஏத்தம் தொடங்கியதும் பஸ்ஸின் சத்தம் மாறும். முதல் கியருக்கு வந்து, மூச்சு வாங்கி வாங்கி ஏறும். உம்மும்மா கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதத் தொடங்குவார். வளைவுக்கு வளைவு அவர் குரல் கூடும். எனக்கு ஜன்னலோரம்தான் வேண்டும். மரங்கள் விலகும் இடங்களில் தூரத்தில் பத்தலேகல மலை தெரியும். வெள்ளைக்காரன் பைபிள் மலை என்று பெயர் வைத்தது அதற்குத்தான். தட்டையான தலையோடு மேசை போல நிற்கும்.

சில நாள் பாதி ஏத்தத்தில் ரேடியேட்டர் கொதித்துப் பஸ் நின்றுவிடும். கொண்டக்டர் வாளியோடு இறங்கி, மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணீரைப் பிடித்துவந்து ஊற்றுவார். ஆட்கள் இறங்கி வீதியோரம் குந்திக்கொள்வார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தோட்டத்துக்குப் போகும் தமிழர் எல்லோரும் ஒரே கல்லில் இருந்து ஒரே வெற்றிலைப் பையைப் பகிர்ந்த காலம் அது. பிறகு அந்தப் பாறை வரும். நடுவே ஓட்டை போட்ட பாறை. இன்று பிரதான வீதி அதன் பக்கத்தால் போகிறது. பழைய துளை அப்படியே நிற்கிறது. பாறையைத் தாண்டிக் கோபுரம் தெரிந்ததும் உம்மும்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் திறப்பார்.

"ஏன் உம்மும்மா இவ்வளவு பயப்படுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒங்கட அப்பாட கைய நீ பார்த்தில்லையா மகன்?" என்றார். அந்தக் கையின் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

*

இந்த வீதி வருவதற்கு முன் மேலே போகும் வழி எது? நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாத பெயர்: பலன. கடுகண்ணாவைக்குப் பக்கத்திலுள்ள மலைக் கணவாய். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குப் "பார்க்கும் இடம்" என்று பொருள். கண்டி மன்னர்களின் காவல் கோட்டை அங்கே இருந்தது. கீழேயிருந்து எந்தப் படை ஏறினாலும் அங்கிருந்து தெரியும். 1594இல் போர்த்துக்கேயத் தளபதி பேத்ரோ லோப்பஸ் த சூசா பெரும் படையோடு அந்த வழியால்தான் மேலே போனார். திரும்பி வரவில்லை. தந்துரையில் அந்தப் படையே அழிந்தது.

மன்னர்கள் பாதையை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தார்கள். 1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போகும் ஒற்றையடிப் பாதைகள், மலை ஏறும் இடங்களில் முட்களால் கட்டிய கதவுகள், ஒவ்வொன்றிலும் காவலர்கள். களிமண்ணில் குத்திய முத்திரையைக் காட்டாமல் கடக்க முடியாது. பீரங்கி வண்டி ஏற முடியாத பாதைதான் இராச்சியத்தின் மதில்.

ஆனால் ஒரு சிக்கல். மலைநாட்டில் எல்லாம் விளையும், உப்பு விளையாது. கருவாடும் கிடையாது. அவை கடற்கரையிலிருந்து வந்தாக வேண்டும். 1766 உடன்படிக்கைக்குப் பிறகு கடற்கரை முழுவதும் டச்சுக்காரர் கைக்குப் போனது. அதன் பிறகும் உப்பு வரத்தான் வேண்டும். சில்லு உருளாத பாதையில் எப்படி வரும்?

மாட்டின் முதுகில் வந்தது. அதைத்தான் தவளம் என்பார்கள். மாட்டின் இரு பக்கமும் பொதி தொங்கும். மாடுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாக ஏறும். கழுத்து மணிச் சத்தம் வளைவுக்கு அப்பாலே கேட்கும். மேலே போவது உப்பும் கருவாடும் துணியும். கீழே வருவது பாக்கும் மிளகும் ஏலமும். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அதன் பெயர் மடிகே பத்த. அதில் பெரும் பங்கு முஸ்லிம்கள். தங்களுக்குக் கிடைத்த காணிக்குப் பதிலாக மன்னனின் சரக்கைச் சுமப்பது அவர்களின் கடமை. மிச்ச நாட்களில் தம் சொந்த வியாபாரத்தைப் பார்க்கலாம். "மடிகே" என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் மத்திய மலைநாட்டில் இன்றும் இருக்கின்றன. கலாநிதி லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் அந்த நூலைத் தேடிப் படியுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவளம் ஓட்டியது முழுக்க நாம்தான் என்று மேடையில் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. மடிகே பத்தவில் சிங்களக் குடிகளும் இருந்தார்கள். பங்கு நமக்குப் பெரியது, தனியுரிமை நமக்கு இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலே நமக்குப் போதுமான கண்ணியம் அதில் இருக்கிறது.

*

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817, 1818இல் ஊவா வெல்லஸ்ஸப் போராட்டம் வெடித்தது. படையையும் பீரங்கியையும் வேகமாக மேலே ஏற்ற ஒரு வீதி இல்லாவிட்டால் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்று அவர்களுக்கு விளங்கியது. 1820இல் வேலை தொடங்கியது. இதை முன்னின்று நடத்தியவர் எட்வர்ட் பார்ன்ஸ். முதலில் பதில் ஆளுநராகவும், 1824 முதல் 1831 வரை ஆளுநராகவும் இருந்தவர். அவரே கண்ணொறுவையில் கோப்பி பயிரிட்டவர். ஆக, இந்த வீதி படைக்கும் வேண்டும், கோப்பிக்கும் வேண்டும்.

திட்டமிட்டவர் டோசன். அதில் சந்தேகமில்லை, அவருக்குரிய மரியாதையைக் கொடுப்போம். இந்த மலையில் இறங்கி ஏறிப் பார்க்கும் எவருக்கும் அவர் வேலை எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனால் மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்தவர்கள் யார்?

வீதிப் பொறியியலாளர் என்று பிற்காலத்தில் பெயர் எடுத்த தோமஸ் ஸ்கின்னர் 1820இல் 16 வயதுப் பையன். வீதி போடுவதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவரிடம் கண்டி வீதியின் ஒரு பகுதியை ஒப்படைத்து, சுமார் 200 கிராமத்தவரையும் கொடுத்தார்கள். அவர்களுக்கும் அந்த வேலை புதிது. அவரே தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அந்த 200 பேரில் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது.

அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். இராஜகாரிய முறையில் பிடித்து வரப்பட்டவர்கள். மன்னர் காலத்தில் காணிக்குப் பதிலாகச் செய்த சேவைதான் இராஜகாரியம். அதற்கென்று வழமையும் எல்லையும் இருந்தன. ஆங்கிலேயர் வழமையை விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வயலில் நாற்று நிற்கும்போதும் ஆளை வீதிக்கு இழுத்தார்கள். கடைசியில் ஆங்கில அரசு அனுப்பிய கோல்புரூக் ஆணைக்குழுவே இந்த முறை கூடாது என்று சொன்னது. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது.

ஆண்டைக் கவனித்தீர்களா? 1832. கோபுரம் எழும்பிய அதே ஆண்டு. கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். வீதி போட்டு முடிந்தது, தபால் வண்டி ஓடியது, போட்டவருக்கு 125 அடியில் கோபுரம் எழும்பியது, வெட்டியவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அவர்களுக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள், போனார்கள்.

ஓட்டைப் பாறையைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பாறையைத் துளைத்து உள்ளே வருபவனுக்குத்தான் கண்டி அடிபணியும் என்று மக்களிடம் ஒரு நம்பிக்கை இருந்ததாம், அதற்காகவே ஆங்கிலேயர் பாறையைச் சுற்றிப் போகாமல் துளைத்துப் போனார்களாம். கதை உண்மையோ என்னவோ, பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நம்பிக்கையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் யாராக இருந்தாலும், உளியைப் பிடித்தது வேறு கை.

*

வீதி வந்த பின் தவளம் குறைந்தது. மாட்டு வண்டி வந்தது. கோப்பி மூட்டையோடு இறங்கும் வண்டிகள், அரிசி மூட்டையோடு ஏறும் வண்டிகள். ஏத்தத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். ஊர்ந்து போகும் வண்டிக்குக் கள்ளன் பயம். இங்கேதான் உதுவன்கந்த சரதியல் வருகிறார்.

சரதியலைப் பற்றிப் பாட்டும் கதையும் நாடகமும் ஏராளம். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவர் என்று சனம் சொல்லும். அவருடைய நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார் நம் ஆள். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் அவர்கள் இருந்த வீட்டைப் பொலிஸார் சுற்றி வளைத்தபோது மரிக்கார் சுட்டார். விழுந்தவர் கொன்ஸ்டபிள் சபான், மலாய் முஸ்லிம். இலங்கைப் பொலிஸில் கடமையின்போது கொல்லப்பட்ட முதலாமவராக அவர்தான் கணக்கில் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21ஆம் திகதியைப் பொலிஸ் வீரர்கள் தினமாக நினைவுகூர்வது அவரை வைத்துத்தான். சரதியலும் மரிக்காரும் பிடிபட்டு அதே ஆண்டு மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். கடைசிப் பயணத்திலும் அவர்கள் இந்த ஏத்தத்தால்தான் போயிருப்பார்கள்.

நம் ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு விதம். சிலருக்கு மரிக்கார் வீரர், சபானின் பெயரே தெரியாது. சிலர் மரிக்காரைப் பற்றிப் பேசவே வெட்கப்படுவார்கள், சபானை மட்டும் சொல்வார்கள். வகுப்பில் நான் இரண்டையும் சொல்கிறேன். சுட்டவரும் நம்மவர், சுடப்பட்டவரும் நம்மவர். ஒருவரை மறைத்து மற்றவரை மட்டும் எடுத்தால் அது வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

*

சரதியல் தூக்கிலிடப்பட்ட அதே 1864இன் டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரைக்கும் சுமார் 1,400 அடி ஏற வேண்டும். வீதியைப் போல ரயிலால் சட்டென்று ஏற முடியாது. 45 அடி முன்னே போனால் ஓரடி மேலே என்ற கணக்கில் மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதை போட்டார்கள். பால்ட்வின் தெருவோடு ஒப்பிட்டால் இது சமவெளி மாதிரி. ஆனால் ரயிலுக்கு இதுவே கடும் ஏற்றம். ஜன்னலால் எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பள்ளம் தெரியும். கூடுதல் விவரம் வேண்டுமானால் 2014இல் திறந்த கடுகண்ணாவை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய எஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு நல்ல இடம்.

ரயில் வந்ததும் நெடுந்தூர வண்டிக்காரர்களின் பிழைப்பு விழுந்தது. நம் மூத்தவர்கள் பலர் கடை போட்டு உட்கார்ந்தது அந்தக் காலத்துக்குப் பிறகுதான். ஆனாலும் வீதியை முழுக்க விடவில்லை. மோட்டார் லொறி வந்ததும் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

*

இப்போது அந்தக் கையின் கதை.

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் அழைப்போம். அவர் இளவயதில் லொறிக் கிளீனர். பழைய லொறிகளில் ஏத்தத்துக்குக் கிளீனர் உள்ளே இருக்க முடியாது. பின் சில்லுக்குப் பக்கத்தில் நடந்து வர வேண்டும், சில இடத்தில் ஓட வேண்டும். கையில் ஒரு முக்கோணக் கட்டை இருக்கும். எஞ்சின் இளைத்து லொறி பின்னால் வழுக்கத் தொடங்கினால் அந்த நொடியில் கட்டையைச் சில்லுக்குக் கீழே வைத்துவிட வேண்டும். ட்ரைவர் திரும்ப எடுக்கும்போது கட்டையை உருவிக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். கொழும்பிலிருந்து அரிசியும் சீனியும் கருவாடும் மேலே போகும். கண்டியிலிருந்து பாக்கும் மிளகும் கராம்பும் கீழே வரும்.

வகுப்பில் தவளத்தைப் பற்றிப் படிப்பிக்கும்போதுதான் ஒருநாள் எனக்கு இது உறைத்தது. மாடு லொறியானது, பாதை வீதியானது. மேலே போன பொதியும் கீழே வந்த பொதியும் ஏறத்தாழ ஒன்றேதான். பக்கத்தில் நடந்த ஆளும் ஒரே விதமான ஆள்தான்.

ஒரு மழை இரவில் பாறைக்குக் கீழேயுள்ள வளைவில் லொறி பின்னால் போயிருக்கிறது. அப்பா கட்டையை வைத்தார். லொறி நின்றது. கையை எடுக்க அரை நொடி பிந்திவிட்டது. இடது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. லொறியில் ட்ரைவரும், கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிக்கொண்ட ஒரு சிங்களக் குடும்பமும் இருந்தார்களாம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் பல வருடம் வெசாக் மாதத்தில் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். பெருநாளைக்கு நம் வீட்டிலிருந்து வட்டிலாப்பம் போகும். இருவரும் மௌத்தான பிறகு அந்தப் போக்குவரத்து மெல்ல நின்றுவிட்டது. அதில் நமக்கும் பிழை இருக்கிறது.

அப்பா அதைப் பெரிதாகப் பேசியதில்லை. நான் கேட்டபோது சொன்னது இவ்வளவுதான்: "கட்டைய வைக்கிறவன் லொறியப் பாக்கக்கூடாது மகன். சில்ல மட்டும்தான் பாக்கணும்."

அந்தக் கட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. பலா மரம். நீண்ட காலம் கதவுக்கு அண்டக் கொடுத்திருந்தோம். என் மகள்தான் அதைக் கழுவி அலுமாரிக்குள் வைத்தாள்.

*

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்?

2001 மே மாதம் மாவனல்லையில் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை, முகத்துக்கு நேரேயும் முகநூலிலும், ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "நீங்கள் எங்கேயிருந்து வந்தீர்கள்? எப்போது வந்தீர்கள்?" நம் இளைஞர்கள் ஆத்திரப்படுகிறார்கள். ஆத்திரத்தில் பதில் எழுதுகிறார்கள். ஆனால் பதில் சொல்லத் தேவையான செய்தி அவர்களிடம் இல்லை. அது அவர்களின் பிழையல்ல. சொல்லிக் கொடுக்காதது நம் பிழை.

பதில் இந்த ஏத்தத்திலேயே இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது அடைக்கலம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். அதன் பிறகு அந்த இராச்சியத்துக்கு உப்புச் சுமந்தோம். வண்டி ஓட்டினோம், கட்டை பிடித்தோம். பிழையும் செய்தோம், கொள்ளையடித்த வண்டியும் இதே வீதியில்தான். பொலிஸ் உடுப்போடு உயிரைக் கொடுத்தவரும் இங்கேதான் விழுந்தார். இதையெல்லாம் ஒன்றாகச் சொன்னால் யாரும் நம்மை விருந்தாளி என்று சொல்ல முடியாது. விருந்தாளி வீட்டில் சுமை தூக்குவதுமில்லை, களவெடுப்பதுமில்லை.

இன்னொன்று. இராஜகாரியத்தில் பிடிபட்டு இந்த மலையை வெட்டிய சிங்களக் கிராமத்தவர்களுக்கும் கோபுரம் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் அயலவர்கள். நம் மூத்தவர்களின் பெயர் இல்லையே என்று நாம் கவலைப்படும்போது அவர்களின் பெயரும் இல்லை என்பது நினைவில் இருக்கட்டும். அந்த ஏத்தத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில்தான் நின்றார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பழைய பெட்டியில், தவள மாட்டின் மணியோ, வண்டியின் பழைய துண்டோ, காணி ஓலையோ, லொறியோடு நிற்கும் மூத்தாப்பாவின் படமோ இருக்கலாம். எறிந்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர், யார் சொன்னது என்று பின்பக்கம் எழுதி வையுங்கள். எண்பது வயது தாண்டியவர் வீட்டில் இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கடுகண்ணாவை ஏத்தத்தைப் பற்றிக் கேளுங்கள், தானாகவே பேசுவார்கள். பள்ளி நிர்வாகங்கள் விரும்பினால் இதை ஒரு சிறு தொகுப்பாக்க நானும் என் பிள்ளைகளும் தயார். சிங்கள அயலவர்களின் கதைகளையும் சேர்த்தே தொகுப்போம்.

அந்த மாணவனுக்குப் போன கிழமை வகுப்பில் பதில் சொன்னேன். "இல்ல மகன், அவர் தனியா வெட்டயில்ல." பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன கட்டையை மேசையில் வைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தூக்கிப் பார்த்தார்கள். நினைத்ததை விடப் பாரமாக இருக்கிறது என்றார்கள்.

கேள்வி கேட்டவன் கடைசியாக வந்தான். தூக்கினான், திருப்பினான், ஒரு பக்கத்தில் சில்லு அழுத்திய பள்ளத்தைத் தடவிப் பார்த்தான். "சேர், இதில பேர் எழுதலையா?" என்றான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, அப்பாவின் பெயரை ஒரு துண்டில் எழுதி அதில் ஒட்டினேன். இத்தனை வருடம் எனக்கு அது தோன்றவே இல்லை.